இருபதுக்கு இருபது போடுகிறவர்களிடம் என்ன கேட்பது?

கேள்வி: இயற்கை மருத்துவமும் யோகாவும் படித்துவிட்டுத் தண்டையார்பேட்டையில் சிறிய அக்குபங்சர் கிளினிக் நடத்துகிறேன். காசிமேட்டில் மீன் விற்கும் பெண்கள், துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்கள், எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர்கள் அதிகம் வருகிறார்கள். மூட்டு வலி, குறுக்கு வலி, கழுத்து வலிதான் பெரும்பாலும். நம்பிக்கையோடு வருகிறவர்களுக்குச் சீக்கிரம் சரியாகிறதோ என்று எனக்கு ஓர் எண்ணம். அதை அளந்து பார்க்க, ஆய்வுகளில் பயன்படும் நான்கு கேள்வி அளவுகோலைத் தமிழில் எழுதி முதல் நாளே கொடுத்தேன். ஏறக்குறைய எல்லாரும் 20-க்கு 20 போடுகிறார்கள். இதை வைத்து என்ன செய்வது? எதிர்பார்ப்பு பலனைக் கூட்டும் என்றால், நான் பேசியே அதை ஏற்றலாமா? கிடைக்கும் கணக்கை கிளினிக் வாசலில் போர்டாக வைக்கலாமா? இன்னொன்று, மூட்டு வலிக்கு வரும் ஒரு அம்மா, அக்குபங்சர் ஊசி ஆரம்பித்ததிலிருந்து சுகர் மாத்திரையை விட்டுவிட்டதாக நேற்று பேச்சுவாக்கில் சொன்னார்.

– வாசகி, வடசென்னை

பதில்:

அன்புள்ள டாக்டருக்கு,

கடைசியில் பேச்சுவாக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் முடிப்போம். அந்த அம்மாவை இன்றே போனில் பிடியுங்கள். அடுத்த சிட்டிங் வரை காத்திருக்க வேண்டாம். ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடமோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஓ.பி.யிலோ காட்டச் சொல்லுங்கள். அடங்காத தாகம், வாந்தி, மூச்சு வாங்கல், மயக்கம் இருந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போகட்டும். அவர் மீன் விற்கிறவர் என்றால், அது ஐஸ் தண்ணீரிலும் செதிலிலும் நிற்கிற கால். சுகர் ஏறிக் கால் மரத்துப் போயிருந்தால் முள் குத்தியதே தெரியாது, புண் பெரிதான பிறகுதான் தெரியும். மாத்திரையை நிறுத்தச் சொன்னது நீங்களாக இருக்காது. ஆனால் இந்த வைத்தியத்துக்கு வந்தால் மாத்திரை கூடாது, உடம்பே கழிவைத் தள்ளிவிடும் என்று சொல்லும் ஹீலர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். அந்தப் பேச்சு உங்கள் கிளினிக் பெஞ்சில் காத்திருப்பவர்களுக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கும்.

இதை முதலில் எடுத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. ஏறக்குறைய எல்லாரும் 20 போட்டார்கள் என்றால், அந்த அம்மாவும் 20 போட்டிருப்பார். அவர் மனதில் இருந்தது, முட்டி வலி போகும், கூடவே சுகரும் போகும் என்பது. இந்த இரண்டாவது பாதி உங்கள் தாளில் எங்குமே பதியவில்லை. நம்பிக்கை எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். என்ன ஆகும் என்று நம்புகிறார், எத்தனை நாளில், எந்த வேலைக்காக என்பதையெல்லாம் கேட்கவில்லை. மொத்த எண் முழுதாக இருக்க, உயிருக்கு ஆபத்தான எதிர்பார்ப்பு அதற்கடியில் மறைந்துவிட்டது. இனி நான் சொல்லப்போவதெல்லாம் இதை ஒட்டியதுதான்.

நீங்கள் எடுத்த அளவுகோல் 2007-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜுன் மாவ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் உருவாக்கியது. என் நோய் வெகுவாகக் குறையும், நோயோடு சமாளித்துப் போக முடியும், தொந்தரவுகள் மறையும், உடம்பில் தெம்பு கூடும் என்று நான்கு வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை, ஆகக் குறைந்தது 4, அதிகபட்சம் 20. கருவியில் குறையில்லை. ஓர் ஆய்வில் இரண்டு குழுக்களின் எதிர்பார்ப்பு ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க நன்றாக உதவும். ஆனால் எல்லாரும் ஒரே எண்ணைப் போட்டால், யாருக்கு நம்பிக்கை அதிகம், யாருக்குக் குறைவு என்று பிரிக்க வழியில்லை. பிரிக்க முடியாததைப் பலனோடு ஒப்பிடவும் முடியாது.

ஏன் எல்லாரும் 20 போடுகிறார்கள்? ஊசி போடப்போகிற டாக்டரம்மாவே தாளை நீட்டி, 'இது சரியாக்கும்னு நம்புறீங்களா?' என்று கேட்டால், இல்லை என்று யார் சொல்வார்கள்? நம் ஊரில் அது மரியாதைக் குறைவு. அப்படிச் சொன்னால் ஊசி வலிக்கும்படி போட்டுவிடுவார்களோ என்ற பயம்கூடச் சிலருக்கு உண்டு. வாயால் 'சரியாயிடாது' என்று சொன்னால் அதுவே பலித்துவிடும் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நாள் வியாபாரத்தையோ ஒரு டிரிப்பையோ விட்டுவிட்டு வந்தவர் அவர். 'சரியாப் பூடும்னுதான வந்துக்கீறேன்' என்பார். அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றும் உண்மையான பதிலும் அதுதான். தாளில் விழுந்த 20-இல் உங்கள்மேல் வைத்த மரியாதை எவ்வளவு, ஆசை எவ்வளவு, 'இது நடக்கும்' என்ற கணிப்பு எவ்வளவு என்று பிரிக்காமல், அதை எதிர்பார்ப்பு என்று எழுதிக்கொள்ள முடியாது.

அதனால் கேட்கும் ஆள், கேட்கும் விதம், கேட்கும் விஷயம் மூன்றையும் மாற்றுங்கள். நீங்கள் கேட்க வேண்டாம். வரவேற்பில் இருக்கும் பெண்ணும், அதே தெருக்காரராக இருந்தால், வேண்டாம். பயிற்சிக்கு வரும் மாணவிகள் யாராவது, நோயாளிக்கு முன்பின் தெரியாதவர், தனி இடத்தில் உட்கார வைத்துக் கேட்கட்டும். 'நீங்க சொல்றது டாக்டரம்மாவுக்கு இப்ப தெரியாது, எல்லாருடையதையும் சேர்த்துத்தான் பார்ப்பாங்க, எந்தப் பதில் சொன்னாலும் உங்களுக்குச் செய்யற வைத்தியம் மாறாது' என்று முதலிலேயே சொல்லட்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும். வலிக் கணக்கை நீங்கள் உடனே புரட்டிப் பார்க்கக் கூடாது. தாளில் பெயருக்குப் பதில் எண் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவர்களிடம் தாளை நீட்டுவது அவர்களைக் கூச வைக்கும், ஆகவே எல்லாரிடமும் வாய்மொழியாகவே கேளுங்கள்.

அளக்க, பத்துப் புளியங்கொட்டை போதும். இது நானாகச் சொல்வதில்லை. எழுத்தும் சதவீதமும் பழக்கமில்லாதவர்களிடம் எதிர்பார்ப்பைக் கேட்க விதைகளையும் கற்களையும் எண்ண வைப்பது பொருளாதார ஆய்வாளர்கள் பல நாடுகளில் கையாண்ட முறை. இந்தியக் கடற்கரையில் படகு வைத்திருப்பவர்களிடம் வருங்கால மீன்பாடு எவ்வளவு பெறும் என்று இப்படியே அவரைக்கொட்டைகளை எண்ண வைத்துக் கேட்ட ஆய்வு 2011-இல் வெளியானது. நாளைய கடலைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகக் கணித்துச் சொல்ல முடிந்தவர்களுக்குத் தம் முட்டியைப் பற்றியும் சொல்ல முடியும். காசிமேட்டில் விடிகாலை ஏலத்தில் ஒரு கூடையின் விலையைப் பார்த்த மாத்திரத்தில் மதிப்பிடுகிற பெண்களை உங்களுக்கே தெரியும்.

முதலில், 'இப்ப இருக்கற வலியைச் சொல்லுங்க. வலியே இல்லைன்னா ஒண்ணும் வேணாம், தாங்கவே முடியலைன்னா பத்தும். எத்தனை வைப்பீங்க?' அவர் எட்டு வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, 'சிட்டிங் எல்லாம் முடிஞ்சப்பறம் எத்தனை மிச்சம் இருக்கணும்னு ஆசைப்படுறீங்க?' அநேகமாக ஒன்றுமே வேண்டாம் என்பார். சொல்லட்டும், அதை எழுதிக்கொள்ளுங்கள். ஆசையை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அடுத்த கேள்விக்கு மனது இளகும். 'ஆசையை விடுங்க. நெஜமா எத்தனை மிச்சம் இருக்கும்னு உங்களுக்குத் தோணுது?' இங்கேதான் கை கொஞ்சம் தயங்கும், நான்கோ ஐந்தோ மிஞ்சும். கடைசியாக, 'எத்தனை மிச்சம் இருந்தாலும் பரவால்ல, சமாளிச்சுக்குவேன்னு சொல்லுவீங்க?' ஆசை, எதிர்பார்ப்பு, போதும் என்கிற அளவு ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கேட்கும் முறை, 2005-இல் புளோரிடா பல்கலைக்கழகத்தினர் நாள்பட்ட வலிக்காரர்களுக்காக வகுத்த வினாத்தாளில் இருக்கிறது. நாலு கேள்விக்கும் ஒரே புளியங்கொட்டைதான் என்பதால் யாரும் குழம்ப மாட்டார்கள்.

'போதும்' என்கிற எண்ணை மறக்காமல் வாங்குங்கள். 0 முதல் 10 வரையிலான வலி அளவில் 2 புள்ளி, அல்லது ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தால் நோயாளிகளே அதை நல்ல முன்னேற்றமாக உணர்கிறார்கள் என்று 2001-இல் வெளிவந்த பெரிய கணக்கீடு ஒன்று காட்டியது. உலகம் முழுக்க வலி ஆய்வுகள் அந்த அளவையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. எட்டிலிருந்து ஆறுக்கு இறங்கினால் கணக்கில் வெற்றி. மூன்று வந்தால்தான் போதும் என்று சொன்ன லாரி டிரைவருக்கு அது தோல்வி. அவருடைய எண் தெரியாமல் நீங்கள் வெற்றி என்று எழுதிவிட்டால், அவர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு இடத்துக்குப் போய்விடுவார்.

அதற்கடுத்து வேலையைப் பற்றிக் கேளுங்கள். வலியால் எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று அவர் வாயாலேயே மூன்றைச் சொல்ல வைத்து, ஒவ்வொன்றையும் இப்போது எவ்வளவு செய்ய முடிகிறது என்று பத்துக்கு மதிப்பெண் வாங்கும் முறையைக் கனடாவின் பிசியோதெரபி ஆய்வாளர்கள் 1995-இல் வெளியிட்டார்கள். அது உங்கள் ஆட்களுக்கென்றே செய்ததுபோல் பொருந்தும். கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது, லாரி கேபினிலிருந்து கீழே குதிக்காமல் இறங்குவது, கீழ்த்தட்டுப் புடவையைக் குனிந்து எடுப்பது என்று சொல்வார்கள். கழிப்பறையில் குந்தி உட்கார்ந்து எழுவதைப் பெண்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டால் கண் கலங்கச் சொல்வார்கள். இதைக் கேட்கப் பெண் ஒருவர் இருப்பது நல்லது.

இன்னும் மூன்று சிறு கேள்விகள், எண் வேண்டாம், அவர் சொல்வதைச் சொன்னபடி எழுதினால் போதும். எத்தனை சிட்டிங்கில் வித்தியாசம் தெரியும் என்று நினைக்கிறார்? ஊசியைப் பற்றி என்ன பயம்? ஊசிக்குள் மருந்து இருப்பதாக நினைப்பவர்கள் இன்றும் உண்டு, 'ஒரே ஒரு ஊசிதானா' என்று ஏமாறுகிறவர்களும் உண்டு. மூன்றாவது, இந்த வலி தவிர வேறு எதெல்லாம் சரியாகும் என்று நினைக்கிறார், எந்த மாத்திரையையாவது நிறுத்தியிருக்கிறாரா, நிறுத்தப் போகிறாரா? இந்த ஒரு பதில் மட்டும் ரகசியத்துக்குள் வராது. கேட்பவர் அதை நோயாளியிடமே சொல்லிவிட்டு, அன்றே உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். குறுக்கு வலியோடு கால் பலவீனம், சிறுநீர் கட்டுப்பாடு இல்லாமை என்று யாராவது சொன்னாலும் அப்படியே. அவர்களுக்கு ஊசி போடாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

இனி, நம்பிக்கையோடு வருகிறவர்களுக்குச் சீக்கிரம் குணமாகிறது என்ற உங்கள் எண்ணம். அதற்கு ஆதாரம் உண்டு. 2001-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 135 பேரைப் பார்த்தார்கள். சிலருக்கு அக்குபங்சர், சிலருக்கு மசாஜ். தமக்குக் கிடைத்த சிகிச்சையின்மேல் அதிக எதிர்பார்ப்பு வைத்திருந்தவர்களில் 86 சதவீதம் பேர் நடமாட்டத்தில் முன்னேறினார்கள், குறைவாக வைத்திருந்தவர்களில் 68 சதவீதம். 2007-இல் ஜெர்மனியில் தலைவலி, முதுகுவலி, மூட்டுவலிக்காக நடந்த நான்கு ஆய்வுகளின் 864 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அப்படியே. அதில் கவனிக்க வேண்டியது, முறைப்படி ஊசி போட்டுக்கொண்டவர்களிடமும், புள்ளி அல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களிடமும் எதிர்பார்ப்பின் தாக்கம் ஒன்றுபோலவே இருந்தது. ஆனால் 2010-இல் வந்த மற்றோர் அமெரிக்க ஆய்வு, அதுவரை அக்குபங்சரே செய்துகொள்ளாத முதுகுவலிக்காரர்களை எடுத்தது. அங்கே முன்கூட்டிய எதிர்பார்ப்புக்கும் பலனுக்கும் உறுதியான தொடர்பு தெரியவில்லை. ஆகவே தொடர்பு உண்டு, எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

இதைக் கேட்டுவிட்டு, 'அப்படியானால் நான் போடும் ஊசி வெறும் நம்பிக்கைதானா' என்று மனம் சோர வேண்டாம். 39 ஆய்வுகளின் 20,827 நோயாளிகளின் விவரத்தை ஒன்றாகச் சேர்த்த 2018-ஆம் ஆண்டுக் கணக்கு, முறையான ஊசிக்கும், ஒப்புக்குப் போடும் போலி ஊசிக்கும் வித்தியாசம் இருக்கிறது, ஆனால் சிறியது என்கிறது. ஊசியே போடாதவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிது. நடுவில் இருக்கும் அந்தப் பெரும்பகுதியில் எதிர்பார்ப்பு, தொடுகை, உட்கார்ந்து கேட்ட நேரம் எல்லாம் சேர்ந்திருக்கிறது. அதுவும் உடம்பில் நடப்பதுதான். பல் பிடுங்கிய நோயாளிகளிடம் நடந்து 1978-இல் வெளியான ஆய்வு, மருந்தில்லாத ஊசியால் குறைந்த வலி, வலியைக் குறைக்க உடம்பே சுரக்கும் ஓபியாய்டு என்ற பொருள்களைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்ததும் மறுபடி ஏறியதைக் காட்டியது. அந்த அம்மாவுக்கு வலி குறைந்தது என்றால் குறைந்ததுதான்.

அப்படியானால் பேசியே ஏற்றலாமா என்கிறீர்கள். அதையும் சோதித்திருக்கிறார்கள். மூட்டுத் தேய்மானம் உள்ள 527 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஒரு பகுதியினரிடம் அக்குபங்சர் செய்பவர்கள் 'இது உங்களுக்கு நன்றாக வேலை செய்யும்' என்ற தொனியிலும், இன்னொரு பகுதியினரிடம் 'செய்யலாம், செய்யாமலும் போகலாம்' என்ற தொனியிலும் பேசினார்கள். முதல் வகைப் பேச்சைக் கேட்டவர்களுக்கு வலி சற்று அதிகமாகக் குறைந்தது. ஊசி உண்மையா போலியா என்பதால் வித்தியாசம் வரவில்லை. இதைப் படித்துவிட்டு வாக்குறுதியைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவரிடம் மூன்று சிட்டிங்கில் போய்விடும் என்று சொல்லி, போகாவிட்டால், அவர் இழப்பது வலி குறையும் என்ற நம்பிக்கையை மட்டும் இல்லை. அடுத்து ஒரு டாக்டர் உண்மையைச் சொல்லும்போது அதையும் நம்ப மாட்டார். மேலும், ஏற்றிவிட்ட நம்பிக்கை எங்கே போய் நிற்கும் என்பது நம் கையில் இல்லை. முட்டியில் தொடங்கியது சுகர் மாத்திரை வரை போனதைப் பார்த்தோமே.

நம்பிக்கையை ஏற்ற நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. 2008-இல் வெளியான, குடல் எரிச்சல் நோயாளிகள் 262 பேரிடம் நடந்த ஆய்வில், காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களில் 28 சதவீதம் பேருக்குப் போதிய நிவாரணம். பேச்சில்லாமல் போலி ஊசி மட்டும் போட்டவர்களில் 44. அதே போலி ஊசியோடு, முதல் நாள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்டு, கனிவாகப் பேசப்பட்டவர்களில் 62. உங்களால் எல்லாருக்கும் முக்கால் மணி நேரம் ஒதுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். கால் மணி நேரம் ஒதுக்குங்கள். வலிக் கணக்கு உங்கள் கைக்கு வராவிட்டாலும், எந்த வேலைக்காக வந்தார், எவ்வளவு குறைந்தால் போதும் என்று நீங்களே ஒருமுறை நேரில் கேட்டு, 'இந்த வலிக்கு ஊசியால நிறையப் பேருக்குக் குறைஞ்சிருக்கு. முழுசாப் போயிடும்னு சொல்ல மாட்டேன். கூடையோட பஸ் ஏறணும்னு சொன்னீங்கல்ல, அதை நோக்கிப் போவோம். ஆறு சிட்டிங்ல ஒண்ணும் மாறலைன்னா நானே வேற வழி சொல்றேன்' என்று பேசிப் பாருங்கள். இதில் பொய் ஒரு சொல்லும் இல்லை.

போர்டு வேண்டாம். மக்கள் வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் டாக்டரைத் தேடி வருகிறார்கள். உச்சத்தில் இருந்தது எதுவும் செய்யாவிட்டாலும் சில வாரங்களில் ஓரளவு இறங்கும். சரியாகாதவர்கள் பாதியில் நின்றுவிடுவதால், கடைசி வரை வந்தவர்களின் கணக்கு எப்போதும் அழகாகத்தான் தெரியும். ஒப்பிட ஊசி போடாத இன்னொரு குழு உங்களிடம் இல்லை. இந்த நிலையில் எண்பது சதவீதம் என்று வாசலில் எழுதினால், அடுத்து உள்ளே வருகிறவரின் புளியங்கொட்டைக் கணக்கையும் நீங்களே கெடுத்தவராவீர்கள்.

உங்கள் சொந்தப் புரிதலுக்கு மட்டும் என்றால் இப்படித் தொடங்குங்கள்: முதல் சிட்டிங்குக்கு முன் ஒருமுறை, மூன்றாவது முடிந்ததும் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை. நடுவில் கேட்பது அவசியம், ஏனென்றால் முதல் ஊசிக்குப் பிறகு எதிர்பார்ப்பு அப்படியே இருக்காது. நின்றுவிட்டவர்களைப் போனில் கூப்பிட்டு அவர்கள் கணக்கையும் சேருங்கள், கூப்பிடுவதும் அந்த மாணவியாகவே இருக்கட்டும். பிறகு எங்காவது வெளியிடும் எண்ணம் இருந்தால், தொடங்கும் முன்பே ஒரு மருத்துவக் கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் வாங்க வேண்டும், ஒவ்வொருவரிடமும் சம்மதம் பெற வேண்டும். எடுத்து முடித்த பிறகு போனால் யாரும் தர மாட்டார்கள். முதலில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். எல்லாரும் ஒரே பதில் சொல்கிற கேள்வி எதுவாக இருந்தாலும் அதை எடுத்துவிடுங்கள். பெயரும் போன் நம்பரும் இல்லாமல் அந்தத் தாள்களின் நகலை அனுப்பினால் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்